சுனையிலிருந்து எடுக்கப்பட்டது

...அப்படியே இருந்தாலும்தான் என்ன, அந்த நுண்ணுயிர் பாய்லரில் இருக்கிறது என்பதாலேயே சுனையில் இல்லை என்று ஆகிவிடுமா, ஒரே ஆசாமி இரண்டு ஊரில் வீடு வைத்துக்கொண்டு காலந்தள்ளுவதில்லையா, என்று தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு பேராசிரியர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதுகு சாயவில்லை. சாய்ந்து உட்காருவது அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கமில்லை, அதுவும் இந்த ஆய்வுக்கூடத்தில், ஒரு காலத்தில் அவர் உள்ளே நுழைந்தால் சிரிப்புச் சத்தம் டக்கென்று நின்றுபோன இதே கூடத்தில், இப்போது தம்பி மகள் அதிகாரம் செய்யும் இடத்தில், விருந்தாளி நாற்காலியில் போய்ச் சாய்வதாவது... எதிரே மேசைமேல் அந்தக் கருவி. கருவி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு சாமான், கணினியோடு ஒரு வயரில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதற்குள்தான் ஓர் உயிரின் மரபணு முழுவதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்படுகிறதாம். அவர் காலத்தில் ஒரே ஒரு துண்டைப் படித்து முடிக்க ஒரு குளிர்காலம் முழுக்கக் கண்ணாடித் தகடுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார், விரல்நுனியெல்லாம் தோலுரிந்து போகும், இது என்னடாவென்றால் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாதியைத் தாண்டிவிட்டது. சரி, படிக்கட்டும், எதைப் படிக்கிறது? மலையுச்சிச் சுனையையா, கடலடி எரிமலையையா? அவர் வீட்டுக் குளியலறைப் பாய்லரின் அடிக்கசடை.

போன வாரம் ஒரு நாள் காலை அவள் கையுறையும் திருகுச்சாவியுமாகக் குளியலறை வாசலில் நின்றதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது, "பெரியப்பா, பாய்லரைத் திறக்கணும்" என்றாள், பால்காரனுக்குக் கதவைத் திறக்கச் சொல்வது போல. அப்பா வாங்கி வைத்த செம்புப் பாய்லர், இரவும் பகலும் அணையாமல் கொதிக்கிற பாய்லர், அந்த வீட்டில் எந்தச் சாமானும் அதன் தண்ணீரில் குளிக்காமல் உள்ளே வந்ததில்லை, வெளியே போனதும் இல்லை, கடையிலிருந்து வரும் கரண்டியிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் புட்டி வரை. எதிர்வீட்டு நீதிபதி, ஓய்வு பெற்றும் தீர்ப்பு சொல்வதை நிறுத்தாத மனிதர், "அந்த வீட்ல பேப்பரையும் வெந்நீர்ல அலசிட்டுத்தான் படிப்பாங்க" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார், சிரிக்கட்டுமே, அழுக்காக இருப்பவனுக்குச் சுத்தம் கேலியாகத்தான் தெரியும். "நம்ம வீட்டுப் பாய்லர்ல அழுக்கா இருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர். "அழுக்குன்னு யார் சொன்னா? உயிர் இருக்கான்னு பார்க்கிறேன்." "ரெண்டும் ஒண்ணுதான்." "நீங்களே இப்படிச் சொன்னா எப்படி, நாப்பது வருஷமா அதுங்களை வெச்சுத்தானே நம்ம வீட்ல அடுப்பு எரிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள், வாய், அந்த வாய் அவள் அம்மாவின் வாய், ஆனால் கை தம்பியின் கை, எதையும் அவசரப்படாமல் திறக்கிற கை. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்பானேன். வீடுகளின் வெந்நீர்த் தொட்டியிலும் வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாத சங்கதியா, பாடமாகவே நடத்தியிருக்கிறார், அடுத்தவர் வீட்டுத் தொட்டியை உதாரணம் காட்டி.

எழுந்து ஜன்னலோரம் போனார், திரும்பி வந்தார், மறுபடி உட்கார்ந்தார். கூடத்தின் கோடியில் அவள் யாரோடோ போனில் எதற்கோ விலை பேசிக்கொண்டிருந்தாள். சுவரில் தம்பியின் படம் இன்னும் அப்படியே தொங்கியது, அவரே மாட்டியது, சுனைக்கரையில் தோளில் பையோடு, முகத்தில் பாதி ஆவி மறைத்திருக்க, அந்தப் படம் எடுத்த சற்று நேரத்தில்தான்... இல்லை, அதை நினைக்க வேண்டாம் என்றால் நினைவு கேட்கிறதா. அவருக்குத்தான் போகவேண்டிய பயணம் அது. காய்ச்சலில் விழுந்துவிட்டார், சுனைக்குப் போகும் மலைப்பாதை பனி மூடுவதற்கு முன் போனால்தான் உண்டு, "நான் போறேன்ணே, தண்ணி மொண்டுட்டு வர்றதுக்குப் பெரிய படிப்பா வேணும்?" என்றான் தம்பி, வண்டி உதிரிபாகக் கடையில் விற்பனையாளன், அதுவரை நுண்ணோக்கியில் கண் வைத்தவனில்லை. போனான், மொண்டான், திரும்பும்போது கரை மேலோடு உடைந்து இடதுகால் முழங்கால் வரை கொதிசேற்றில் இறங்கிவிட்டது. வழிகாட்டி தூக்கிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தோல் உரிந்த காலோடு கிடந்தவன் அண்ணனைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "பாட்டில் எல்லாம் பத்திரமா இருக்குண்ணே." அந்தப் பாட்டில்களில் ஒன்றிலிருந்துதான் அது வளர்ந்தது, அடைகாப்புப் பெட்டியின் கடுஞ்சூட்டில், வேறெதுவும் வெந்து செத்திருக்கும் சூட்டில், வெண்ணெய் மஞ்சளில் பொட்டுப் பொட்டாக, உலகத்தில் அதுவரை யாரும் பெயர் வைக்காத ஒன்று. அவர் பெயர் வைத்தார். தம்பியின் பெயர், பின்னால் ஒரு லத்தீன் வால். கட்டுரையின் முதல் வரியே 'சுனையிலிருந்து எடுக்கப்பட்டது' என்று தொடங்கியது, பாடப்புத்தகம் ஒன்றின் அடிக்குறிப்பில் அந்தப் பெயர் ஏறியது, ராஜாக்களுக்குக்கூடக் கிடைக்காத அழியாத பெயர்டா இது, ஊர் பேர் இல்லாமல் போகும், இது போகாது, என்று அவர் சொன்னபோது தம்பி என்ன சொன்னான்? வேட்டியைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

அடக்கம். அவனுக்கு எப்போதும் அடக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும், பெண் கேட்டு வந்தவர்கள், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர், பழைய மாணவர்கள், எல்லோருக்கும் பேராசிரியர் அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பியதில்லை, "எந்திரிடா, காலைக் காட்டு" என்பார், தம்பி "விடுண்ணே, எத்தனை தடவை" என்பான், அவர் மனைவி அந்த இடத்தில் சரியாக எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போவாள், தம்பி மனைவி சிரித்துக்கொண்டே, "மாமா, நீங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கே கால் சுடுது" என்பாள். கேட்டவர்கள் தம்பியை ஒரு புது மரியாதையோடு பார்ப்பார்கள். அது போதும். உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவன் என்று இளக்காரமாக யாரும் வாயைத் திறந்துவிட முடியாது அல்லவா... ஒரு குடும்பத்துக்குப் பெரியவன் என்று இருப்பவன் வேறென்ன செய்ய வேண்டும், கூரை ஒழுகாமல் பார்ப்பது போல இதையும்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் அந்தச் செம்பில் ஆரம்பித்தது. உறைபெட்டியில் இத்தனை வருஷமாகக் கிடந்த, அந்த மஞ்சள் பொட்டின் பழைய வளர்ப்பை எடுத்து இவள் முதல்முறையாக முழு மரபணுவையும் படித்தாள், படித்து முடித்த அன்று இரவுச் சாப்பாட்டில் தட்டைத் தொடாமல் பேசினாள், "அப்பா, உங்க பேர்ல இருக்கிறவனுக்குச் செம்புன்னா பயமே இல்லை, செம்பை வெளிய தள்றதுக்குன்னே அவன் உடம்புல அஞ்சாறு பம்ப் வெச்சிருக்கான்." பாறையில் செம்பு இருந்திருக்கும், என்றார் பேராசிரியர். "அதைத்தான் நானும் நெனைச்சேன் பெரியப்பா. கோடையில சுனைக்குப் போனப்ப தண்ணியைச் சோதிச்சாச்சு. செம்பு வாசனையே இல்லை." அப்படியானால் ஒரு காலத்தில் இருந்திருக்கும், என்றார் அவர், சுனையின் குணம் மாறும், பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று நீ போய்ப் பார்த்தாயா? தம்பி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டோரமாகக் குவித்துக்கொண்டிருந்தான். சுனையில் அவள் மொண்டுவந்த எதிலும் அந்த மஞ்சள் பொட்டு வளரவுமில்லை, அதன் மரபணுவின் சாயல்கூட இல்லை, அதையும் சாப்பாட்டு மேசையில்தான் சொன்னாள், இவளுக்குச் சோறு தின்கிற இடத்தில் பேச வேறு விஷயமே கிடைக்காதா...

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தம்பி.

"என்னண்ணே, ஆச்சா?"

"என்ன ஆச்சா? ஓடிட்டிருக்கு."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன். என் பேர்ல இருக்கிற பய என்ன சொல்றான்?"

"அவன் என்ன சொல்லுவான், சிங்கம் மாதிரி இருக்கான்" என்றார் பேராசிரியர், குரல் அவருக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. மறுமுனையில் தம்பியின் மூச்சு மட்டும் வந்தது, ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, பிறகு "சரிண்ணே, வரும்போது பார்த்து வா, படியெல்லாம் ஈரமா இருக்கும்" என்று வைத்துவிட்டான். பாவம், காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான் போல. அவனுக்கு என்ன தெரியும், மகள் ஏதோ சோதனை செய்கிறாள், தன் பெயர் இன்னும் பெரிதாகப் போகிறது என்று ஆசையோடு காத்திருப்பான். இந்தச் சோப்புப் பெட்டி இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் காலை, அந்த வெந்த காலை, ஒரு சிரிப்புக்கதையாக்கிவிட்டால்? 'குளியலறையில் கிடைத்ததைத் தேடி மலைக்குப் போனவன்.' நீதிபதி வாயில் அது எப்படி உருளும் என்று அவரால் கேட்கவே முடிந்தது, வார்த்தை வார்த்தையாக.

நீதிபதி என்றதும் நேற்றுத்தான் காதில் விழுந்த சங்கதி ஞாபகம் வந்தது. இவள் இவரைக் கேட்காமலே எதிர்வீட்டுப் படியேறியிருக்கிறாள், பத்து வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, மதில்மேல் சாய்ந்த ஒரு மரத்துக்காக நின்றுபோன பேச்சு, அந்த மனிதரிடம் போய் உங்கள் பாய்லரையும் கொஞ்சம் சுரண்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாள், அவரும் "தாராளமா சுரண்டும்மா, எங்க வீட்ல மறைக்க ஒண்ணும் இல்லை" என்றாராம், அந்தக் குத்தலைப் பார். சுரண்டியதில் என்ன? நம் வீட்டுப் பாய்லர்க் கசடில் வளர்ந்ததைப் போலவே அங்கேயும் மஞ்சள் பொட்டு. தெருக்கோடி வீட்டிலும் மஞ்சள் பொட்டு. இது வரை பேராசிரியருக்கு ஒரு பிடி இருந்தது, கெட்டியான பிடி, இரண்டு இரவு தூங்காமல் கண்டுபிடித்தது. பாய்லரிலிருந்து பாட்டிலுக்குப் போனது என்று ஏன் சொல்ல வேண்டும், பாட்டிலிலிருந்து பாய்லருக்கு வந்திருக்கக் கூடாதா? தம்பியின் பை, துண்டு, சேறு படிந்த துணியெல்லாம் அந்தக் குளியலறையில்தானே வந்து விழுந்தது, சுனையின் உயிர் அதில் ஒட்டிக்கொண்டு வந்து, சூடு கண்ட இடத்தில் குடியேறி, செம்புக்குப் பழகி... ஆனால் உறைபெட்டியில் கிடந்தது பழகுவதற்கு முந்தியது ஆயிற்றே, அதற்கு ஏது செம்புப் பம்ப்? அதுவும் போகட்டும். எங்கள் வீட்டுக்குள் வந்தது சரி, மதிலேறிக் குதித்து நீதிபதி வீட்டுக்கு எப்படிப் போகும்? அவர் எங்கள் வீட்டில் குளித்தாரா? குழாய்த் தண்ணீரில் தெரு முழுக்க உலாவுகிற ஒன்று... தம்பியின் பெயர் அந்த மனிதரின் முதுகில் தினமும் வெந்நீராய் ஊற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியதும் ஒரு கணம், ஒரே கணம், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டார். சிரிக்கிற நேரமா இது.

எத்தனை மாணவர்களை விரட்டியிருக்கிறார். வளர்ப்பில் வேறொன்று கலந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், "வெளிய போ, கையைக் கழுவக் கத்துக்கிட்டு வா" என்று குடுவையோடு வெளியே அனுப்பிய வாய் இது. திருத்தம் எழுதுவதில் அவமானமில்லை, மறைப்பதில்தான், என்று மேடையேறிப் பேசிய வாயும் இதுதான். அதெல்லாம் சரி. மேடையில் பேசும்போது அங்கே தம்பியின் கால் இல்லை. திருத்தம் என்றால் என்ன, பெயரை யாரும் பிடுங்கப்போவதில்லை, உயிர் புதியதுதான், பெயர் அதனுடையதுதான், அந்த முதல் வரி மட்டும் மாறும், சுனை இருந்த இடத்தில் ஒரு வீட்டுக் குளியலறை வந்து உட்காரும், அவ்வளவுதான். அவ்வளவுதானா? அந்த ஒரு வரிக்காகத்தானே ஒருவன் இத்தனை வருஷமாக மாடிப்படியைக் கைப்பிடித்து ஏறுகிறான்...

"பெரியப்பா."

அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. திரையில் இரண்டு நீண்ட பட்டைகள், ஒன்றின் கீழ் ஒன்று, மேலே உறைபெட்டியிலிருந்து எடுத்தது, கீழே பாய்லர், எங்கெல்லாம் எழுத்து மாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு சிவப்புக் கோடு விழும் என்று காலையில் சொல்லியிருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. அங்கொன்று, தள்ளி ஒன்று, வெயிலில் வாசலுக்கு வந்த எறும்பு மாதிரி.

"கருவி தப்பாப் படிச்சிருக்கும்."

"ரெண்டு தடவை படிச்சாச்சு."

"நீதிபதி வீட்டோடது?"

"அது சொந்தக்காரன். ஒண்ணுவிட்ட பங்காளின்னு வெச்சுக்கலாம். நம்ம வீட்டோடதுதான் அச்சு அசல் இது." அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், முழங்கால் முழங்காலில் இடிக்கும் தூரத்தில். "திருத்தம் எழுதணும் பெரியப்பா. முதல் கட்டுரை உங்களோடது. நீங்க சேர்ந்து எழுதினாத்தான் மரியாதையா இருக்கும்."

"எழுத வேண்டாம்."

"பெரியப்பா..."

"எழுத வேண்டாம்னு சொன்னேன். உண்மையை மூடி வைக்கச் சொல்லலை, எனக்கு நீ பாடம் எடுக்காதே, என் அப்பாவோட வீட்ல பொய் சொன்ன ஆள் கிடையாது. உன் அப்பன் உயிரோட இருக்கிற வரைக்கும் வேண்டாம், அவ்வளவுதான். அப்புறம் நீ என்ன வேணா எழுதிக்கோ. அவன் தாங்க மாட்டான். வாழ்க்கையில அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் பிடுங்கினா அவன் என்ன செய்வான், சொல்லு, உனக்கென்ன, நீ சின்னப் பொண்ணு, இந்தப் பெட்டி சொல்லிடுச்சுன்னு..." குரல் உயர்ந்துவிட்டது, கோடியில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள், பேராசிரியர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். "அவன்கிட்ட இதை யாரும் சொல்லக்கூடாது."

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். அவசரமே இல்லாத அந்தக் கை.

"பாய்லரைச் சுரண்டிப் பாருன்னு சொன்னதே அப்பாதான்."

"என்ன?"

"செம்பைப் பத்திப் பேசினோமே, அன்னிக்கு ராத்திரி நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன், பக்கத்துல வந்து நின்னாரு. மலைக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் பாட்டில் பை கைதவறிக் கொட்டிடுச்சாம், மூடியெல்லாம் தெறிச்சு மண்ணாயிடுச்சாம். நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்களாம், எழுப்பப் பயந்துகிட்டு, நம்ம வீட்டு வழக்கப்படி பாய்லர்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி புடிச்சு எல்லாத்தையும் அலசி வெச்சாராம். அதைவிடச் சுத்தம் ஏதுன்னு நெனைச்சாராம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் எப்பவோ நீங்களே வீட்ல பாடம் தயார் பண்றப்ப வெந்நீர்த் தொட்டியைப் பத்திச் சத்தமா படிச்சீங்களாம். அப்பவே அவருக்குச் சந்தேகமாம். அப்ப நான் பொறக்கவே இல்லை."

"என்கிட்ட ஏன்..."

"கேட்டேன். அண்ணன் தாங்க மாட்டாருன்னாரு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி பின்னால் எடுக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பேராசிரியர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை, கோபம் வந்தால் எழுந்து நிற்கலாம், என்ன செய்வதென்று தெரியும்... காலைக் காட்டு என்று எத்தனை முறை சொல்லியிருப்போம். பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால், குழாய்க்காரன் முன்னால். விடுண்ணே, விடுண்ணே என்றானே, அது அடக்கம் என்று யார் சொன்னது, நான்தானே சொன்னேன். அவள், தன் மனைவி, அந்தக் கதை தொடங்கியதும் தண்ணீர் கொண்டுவரப் போவாளே, யாருக்கும் தாகமில்லாத போதும் போவாளே, அவளுக்கும் தெரியுமா? தம்பி மனைவி அப்படிச் சிரித்தாளே, அது என்ன சிரிப்பு? சற்று முன்னால் போனில் மூச்சு மட்டும் வந்ததே, மகள் சொல்லிவிட்டாளா என்றுதான் கேட்டானா, ஆச்சா என்றால் அதுதான் ஆச்சாவா? ஒரு வீடு முழுக்க, சாப்பாட்டு மேசையில், மாடிப்படியில், தன் காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சை மாற்றிக்கொண்டு, இத்தனை வருஷமாக, பெரியவர் வருகிறார், பெரியவர் தாங்கமாட்டார் என்று...

"திருத்தத்தை எழுது" என்றார். "முதல் வரியை நானே எழுதறேன்."

"சரி பெரியப்பா."

"வேற என்ன?"

"வேற என்னன்னா?"

"வேற என்னென்ன என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கீங்க, வீட்ல?"

அவர் விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள், கருவியின் வயரைப் பிடுங்கி நிதானமாகச் சுற்றத் தொடங்கினாள், சுற்றி முடித்து, மறுபடி பிரித்து, இன்னும் நேராகச் சுற்றினாள், அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒண்ணுமில்லை பெரியப்பா என்று இப்போது சொல்வாள், இதோ சொல்லப்போகிறாள் என்று, அவள் சொல்லவில்லை.